பந்தயப் பணம் போகும் வழி

குதிரைப் பந்தயம் என்றதும் இருவேறு காட்சிகள் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஒன்று, பசும்புற்றரையில் குளம்பொலி அதிரப் பாய்ந்தோடும் குதிரைகளின் அழகு. மற்றொன்று, கையிலிருந்த பணத்தையெல்லாம் அக்குதிரைகளின் மீது வைத்து இழந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதனின் வாடிய முகம். முன்னதைப் புகழ்வோரும் பலர். பின்னதை இகழ்வோரும் பலர். ஆனால், குதிரைகள் ஓடி முடிக்கும் அந்த இரண்டொரு நிமிடங்களில் யாருடைய பணம் யாரிடம் செல்கின்றது, எந்தக் கணக்கின்படி செல்கின்றது என்பதை ஆராய்ந்து அறிந்தோர் மிகச் சிலரே. அக்கணக்கை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்கின்ற எங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சித்திரைப் புத்தாண்டில் போர்த்தேங்காய் அடிப்பதையும் வாவியில் தோணியோட்டத்தையும் கண்டு களிப்பவர்கள் நாங்கள். ஆயினும், குதிரை ஓடாத ஊருக்கும் குதிரைப் பந்தயம் வந்து சேரும். பிறநாடுகளில் நிகழும் பந்தயங்களின் மீது பணம் ஏற்கும் நிலையங்கள் இலங்கையின் நகரங்களிலே உண்டு. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவை அரசாங்கத்துக்குத் தீர்வை செலுத்துகின்றன. இப்பொழுதோ கைத்தொலைபேசி வழியாகவும் பந்தயம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. நெல் விற்ற பணமும் மீன் விற்ற பணமும் அவ்வழியே போகலாம். ஆதலால், வழியை அறிந்து வைத்திருத்தல் நன்று.

முதலில், பந்தயம் பிடிப்பதில் இருவகை உண்டு என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். முதலாவது வகையில், 'புக்கி' என்று வழங்கப்படும் பந்தயத் தரகர் ஒருவர் எதிரே நிற்கின்றார். "இந்தக் குதிரை வென்றால் ஒன்றுக்கு ஐந்து தருகிறேன்" என்று அவர் விலை கூறுகின்றார். நாம் அதனை ஏற்றுப் பணம் கொடுக்கின்றோம். இது அவருக்கும் நமக்கும் இடையிலான ஒப்பந்தம். நாம் வென்றால் அவர் தம் பையிலிருந்து தரவேண்டும். நாம் தோற்றால் நம் பணம் அவருக்கு. ஆகவே, எந்தக் குதிரை வெல்லுகின்றது என்பதில் அவருக்கும் அக்கறை உண்டு; நட்டம் அடையும் அபாயமும் உண்டு.

இரண்டாவது வகையே இன்று நாம் விரிவாக நோக்க இருப்பது. இதில் எதிரே நின்று விலை கூறுவோர் எவரும் இலர். பணம் வைப்போர் அனைவரின் பணமும் ஒரே குவியலாகச் சேர்க்கப்படுகின்றது. அதிலிருந்து நடத்துவோர் தமக்குரிய கழிவை முதலிலே எடுத்துக்கொள்கின்றனர். மிகுந்த தொகை, வென்ற குதிரையின் மீது பணம் வைத்தவர்களுக்குள் அவரவர் வைத்த அளவுக்கேற்பப் பங்கிடப்படுகின்றது. இதனைக் கூட்டுப் பந்தயம் எனலாம். பிரெஞ்சு மொழியில் இதற்கு வழங்கும் 'பரி மூச்சுவெல்' என்னும் பெயரின் பொருள் 'பரஸ்பரப் பந்தயம்' என்பதே. அதாவது, பந்தயம் பிடிப்போர் ஒருவரோடொருவர் பிடிக்கும் பந்தயம். இந்தப் பெயரிலேயே இம்முறையின் மருமம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

எங்கள் கடற்கரைக் கரைவலையை இங்கே நினைத்துப் பாருங்கள். வலை கரை சேர்ந்ததும், மீன் விற்ற பணத்திலே வலைக்காரருக்குரிய பங்கு தனியே எடுக்கப்படும். எஞ்சியது வலை இழுத்தோருக்குப் பங்கிடப்படும். இழுத்தவர் தொகை கூடினால் ஒருவருக்கு விழும் பங்கு குறையும். கூட்டுப் பந்தயத்தின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. ஆனால், பெரியதொரு வேறுபாடு உண்டு. கரைவலையிலே மீன் கடலிலிருந்து வருகின்றது. வலையை வீசுமுன் இல்லாத செல்வம் வலையை இழுத்தபின் கரையிலே கிடக்கின்றது. கூட்டுப் பந்தயத்திலோ கடல் இல்லை. வலையிலே கிடக்கும் மீன் யாவும், இழுப்போரே தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து வலைக்குள் இட்டவை. வலைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டபின், இட்ட மீனிலும் குறைந்த மீனே பங்குக்கு மிஞ்சுகின்றது.

இதனை எண்களால் விளக்குவோம். கையில் தாளும் பென்சிலும் உள்ள நேயர்கள் என்னோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். வெண்மதி, மின்னல், தென்றல், கரும்புயல் என நான்கு குதிரைகள் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு டிக்கெட்டின் விலை 100 ரூபாய். வெண்மதி மீது 50 டிக்கெட்டும், மின்னல் மீது 25 டிக்கெட்டும், தென்றல் மீது 20 டிக்கெட்டும், கரும்புயல் மீது 5 டிக்கெட்டும் விற்பனையாகின்றன. மொத்தம் 100 டிக்கெட்டு; குவியலிலே 10,000 ரூபாய். நடத்துவோரின் கழிவு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 2,000 ரூபாயை எடுத்துக்கொள்ள, பங்குக்கு எஞ்சுவது 8,000 ரூபாய்.

வெண்மதி வென்றால், இந்த 8,000 ரூபாயை 50 டிக்கெட்டுக்குப் பங்கிட வேண்டும். டிக்கெட்டு ஒன்றுக்கு 160 ரூபாய். மின்னல் வென்றால் 320 ரூபாய். தென்றல் வென்றால் 400 ரூபாய். கரும்புயல் வென்றால் ஐந்தே டிக்கெட்டு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1,600 ரூபாய். இவ்வாறு டிக்கெட்டு ஒன்றுக்குக் கிடைக்கும் தொகையை ஈவு என்பர். வைத்த 100 ரூபாயும் இந்த ஈவுக்குள் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, ஈவு என்பது குதிரையின் வலிமையை அளக்கும் அளவுகோல் அன்று. அது கூட்டத்தின் கருத்தை அளக்கும் அளவுகோல். கரும்புயலுக்கு 1,600 ரூபாய் என்றால், அது வேகமற்ற குதிரை என்று பொருளாகாது. அதனை நம்பியோர் சிலர் என்பதே பொருள். பலர் நம்பிய குதிரை வென்றால் சிறிது கிடைக்கும். சிலர் நம்பிய குதிரை வென்றால் பெரிது கிடைக்கும்.

இரண்டாவது, கழிவு இல்லாதிருந்தால் இந்த ஈவுகள் முறையே 200, 400, 500, 2,000 ரூபாயாக இருந்திருக்கும். கழிவு என்பது தோற்றவனிடமிருந்து மட்டும் எடுக்கப்படுவதாகப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வென்றவனின் கைக்கு வரவேண்டிய தொகையும் ஐந்திலொரு பங்கு குறைந்தே வருகின்றது. மகிழ்ச்சி மிகுதியினால் அவன் அதனைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, எந்தக் குதிரை வென்றாலும் நடத்துவோருக்கு உரியது அதே 2,000 ரூபாய். வெண்மதி வென்றால் என்ன, கரும்புயல் வென்றால் என்ன? அவர்களுக்கு இலாபமும் மாறாது, நட்டமும் இல்லை. புக்கிக்கு உள்ள அபாயம் இங்கே அறவே நீங்கிவிடுகின்றது. இன்ன குதிரை தோற்கவேண்டும் என்று ஆசைப்படுவதற்கு அவர்களுக்குக் காரணமும் இல்லாது போகின்றது. பல நாட்டு அரசாங்கங்கள் இம்முறையை விரும்பி ஏற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. புக்கியிடம் பந்தயம் பிடித்தால், பிடிக்கும்போதே விலை உறுதியாகிவிடுகின்றது. கூட்டுப் பந்தயத்திலோ, விற்பனை மூடப்படும்வரை ஈவு ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். கரும்புயலுக்கு 1,600 ரூபாய் என்று பலகையிலே கண்ட சிலர், கடைசி நேரத்திலே ஓடிச்சென்று அதன்மீது மேலும் 25 டிக்கெட்டு வாங்குவதாகக் கொள்வோம். இப்போது மொத்தக் குவியல் 12,500 ரூபாய். கழிவு 2,500 ரூபாய் போக எஞ்சுவது 10,000 ரூபாய். கரும்புயலின் டிக்கெட்டுகளோ 5 அல்ல, 30. பங்கிட்டால் டிக்கெட்டு ஒன்றுக்கு 333 ரூபாய் சில்லறை. 1,600 ரூபாயை நம்பி வாங்கியவனுக்கு அதில் நாலிலொரு பங்குகூட இல்லை! அவனைப் போன்றோர் கொண்டுவந்த பணமே அவனுடைய ஈவைக் குறைத்துவிட்டது. சில்லறையும் முழுதாகக் கிடைப்பதில்லை. 330 என்று முழுத்தொகையாகக் குறைத்துக் கொடுப்பதே பெரும்பாலும் வழக்கம். அவ்வாறு கொடுத்தால் 30 டிக்கெட்டுக்கு 9,900 ரூபாய். எஞ்சிய 100 ரூபாயும் கழிவோடு சேர்ந்துவிடும்.

இம்முறையை வகுத்தவர், கட்டலோனியாவிற் பிறந்து பாரிஸ் நகரிலே வாழ்ந்த ஜோசப் ஒலேர் என்பவர். 1860களில் அவர் இதனைத் தொடங்கினார். புகழ்பெற்ற 'மூலான் ரூஜ்' அரங்கை 1889ஆம் ஆண்டிலே நிறுவியவர்களுள் ஒருவரும் அவரே. தொடக்கத்திலே பிரெஞ்சு நீதிமன்றம் அவருடைய முறையைச் சட்டவிரோதச் சூதாட்டமெனக் கண்டு அவரைத் தண்டித்தது. பின்னர் 1891ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசாங்கம் சட்டமொன்றை இயற்றி, புக்கிகளை விலக்கி, கூட்டுப் பந்தயத்துக்கு இடமளித்தது. தண்டனைக்குரியதாய் இருந்த முறையே சட்டத்தின் ஆதரவைப் பெற்றது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் பல சாளரங்களில் ஒரே நேரத்தில் டிக்கெட்டு வாங்கும்போது, ஒவ்வொரு குதிரைக்கும் உரிய தொகையை மனிதர் கையாற் கூட்டி முடிப்பது எளிதன்று. இதற்கு வழிகண்டவர் ஜோர்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியியலாளர். அவுஸ்திரேலியாவிலே பணியாற்றிய அவர், தேர்தலில் வாக்குகளை எண்ணுவதற்கென்று ஓர் இயந்திரத்தைத் திட்டமிட்டார். அதனை அரசாங்கம் ஏற்கவில்லை. வாக்கை எண்ணும் இயந்திரத்தைப் பந்தய டிக்கெட்டை எண்ணும் இயந்திரமாக அவர் மாற்றியமைத்தார். 1913ஆம் ஆண்டிலே நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரைச் சார்ந்த எல்லர்ஸ்லி பந்தயத் திடலில் அது முதன்முதலாக இயங்கியது. பியானோக் கம்பிகளும் சைக்கிள் சங்கிலிகளும் கொண்டு அமைந்த அவ்வியந்திரமே 'டோட்டலைசேட்டர்'. அதன் சுருக்கமே 'டோட்' என்பது. கணினிகள் தோன்றுமுன் மனிதன் ஆக்கிய மாபெரும் கணக்குப் பொறிகளுள் அதுவும் ஒன்று.

இனி, நம் நாட்டின் கதைக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியிலே கொழும்புக் காலிமுகத் திடலில் குதிரைகள் ஓடின. 1893ஆம் ஆண்டிலே கறுவாத்தோட்டத்தில் தனிப் பந்தயத் திடல் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942ஆம் ஆண்டிலே அத்திடல் விமான ஓடுதளமாக மாறிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1950களிலே கொழும்பின் பந்தயங்கள் முடிவுற்றன. குதிரைகள் ஓடிய அவ்விடம் பின்னர் விளையாட்டரங்காகவும் கடைத்தொகுதியாகவும் உருமாறியது. 1875ஆம் ஆண்டிலே தொடங்கிய நுவரெலியாத் திடலிலோ சித்திரைப் பருவத்துப் பந்தயங்கள் இக்காலத்திலும் நடைபெறுவதுண்டு.

அக்கரையிலே, சென்னைக் கிண்டித் திடலில் 18ஆம் நூற்றாண்டிலேயே பந்தயம் தொடங்கியது. 1896ஆம் ஆண்டிலே சென்னைப் பந்தயக் கழகம் தோன்றியது. அங்கே புக்கிகளும் இருந்தனர், டோட்டும் இருந்தது. ஏழைக் குடும்பங்கள் இதனாற் சீரழிகின்றன என்று கருதிய தமிழ்நாட்டு அரசாங்கம், 1974ஆம் ஆண்டிலே குதிரைப் பந்தயத்தின் மீது பணம் வைப்பதைச் சூதாட்டமாகக் கொண்டு தடுக்கச் சட்டமியற்றியது. வழக்கு நீண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தபோது, குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமையைச் சார்ந்தது. வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று. ஆதலின் அது சட்டம் கூறும் சூதாட்டத்துள் அடங்காது எனக் கொண்டது.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. திறமையே முக்கியமெனின், திறமையுள்ளவன் வெல்லலாமன்றோ? வெல்லலாம். கூட்டுப் பந்தயத்தில் நம் எதிரி நடத்துவோர் அல்லர். நம்மோடு பணம் வைக்கும் ஏனையோரே. அவர்களிலும் பார்க்கக் குதிரைகளை நன்கு மதிப்பிடுபவன் ஆதாயம் பெறுவான். ஆனால், சிறிது நன்கு மதிப்பிட்டாற் போதாது. கழிவாகிய ஐந்திலொரு பங்கையும் தாண்டும் அளவுக்குத் திறமை வேண்டும். அமெரிக்கரான வில்லியம் பென்டர் என்பவர் 1980களிலே ஹொங்கொங் சென்று, ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் கணினியிலே திரட்டி, ஒவ்வொன்றும் வெல்லக்கூடிய வாய்ப்பை எண்ணாகக் கணக்கிட்டார். பலர் கொண்ட கருத்துக்கும் தம் கணக்குக்கும் வேறுபாடு பெரிதாக இருந்த இடங்களிலேயே பணம் வைத்து, பெருஞ்செல்வம் ஈட்டினார். தம் முறையை 1994ஆம் ஆண்டிலே ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

நேயர்களே, அவர் வென்ற பணம் எங்கிருந்து வந்தது? குவியலிலிருந்து. குவியல் எங்கிருந்து வந்தது? தம் கையிருப்பைக் கொண்டு, கனவையும் காற்றுவாக்கிற் கேட்ட செய்தியையும் நம்பிப் பணம் வைத்த எண்ணற்ற மனிதரிடமிருந்து. கணினி கொண்டு கணக்கிடுபவனும், குதிரையின் பெயர் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பணம் வைப்பவனும் ஒரே குவியலிலேதான் கையிடுகின்றனர். தன் எதிரி யாரென்று இரண்டாமவனுக்குத் தெரிவதில்லை.

இனி, ஒரு நாட் பந்தயம் முழுவதையும் எடுத்துக்கொள்வோம். பந்தயம் பிடிக்கும் கூட்டத்தை ஒரே மனிதனாகப் பாவித்து, அவனிடம் 100 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். முதற் பந்தயத்தில் 100 ரூபாயையும் வைக்கின்றான். கழிவு போக 80 திரும்புகின்றது. அதனை இரண்டாம் பந்தயத்தில் வைக்க 64 திரும்புகின்றது. மூன்றாவதில் 51 ரூபாய் 20 சதம். நான்காவதில் 41க்குச் சற்றுக் குறைவு. ஐந்தாவதில் 33க்குச் சற்றுக் குறைவு. இவ்வாறே எட்டுப் பந்தயங்கள் முடியும்போது அவன் கையில் எஞ்சுவது 16 ரூபாய் 78 சதம். ஒவ்வொரு பந்தயத்திலும் யாரோ ஒருவன் வென்றிருக்கின்றான், ஆரவாரித்திருக்கின்றான். ஆயினும், கூட்டம் முழுவதையும் ஒருங்கே நோக்கினால், காலையிற் கொண்டுவந்த 100 ரூபாயில் 83 ரூபாய்க்கு மேல் கழிவாகவே போய்விட்டது. ஏமாற்றோ களவோ இங்கே நிகழவில்லை. எல்லாம் நேர்மையாக, யாவரும் காணப் பலகையிலே எழுதி நடந்ததுதான். நேர்மையான கழிவே இவ்வளவையும் கொண்டுபோயிற்று.

ஆசை பெரிதாகப் பெரிதாகக் கழிவும் பெரிதாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜப்பானிலே தேசியப் பந்தயச் சங்கம் கூட்டுப் பந்தயத்தையே நடத்துகின்றது. அங்கே வெல்லும் குதிரையைக் கூறும் எளிய பந்தயத்துக்குக் கழிவு நூற்றுக்கு 20. முதல் மூன்று குதிரைகளையும் ஒழுங்கு பிறழாமற் கூறும் பந்தயத்துக்கு 27½. ஐந்து பந்தயங்களில் வெல்லும் ஐந்து குதிரைகளையும் சேர்த்துக் கூறும் பந்தயத்துக்கோ நூற்றுக்கு 30. கோடிக்கணக்கிலே பரிசு என்ற மயக்கத்தில் இருப்பவன் கழிவை எண்ணிப் பார்ப்பதில்லை போலும். விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 10 அந்நாட்டுத் திறைசேரிக்குச் செல்கின்றது. வேறு பல நாடுகளிலும் கழிவின் ஒரு பகுதி வரியாகவும், ஒரு பகுதி குதிரை வளர்ப்போருக்குப் பரிசாகவும், ஒரு பகுதி திடலைப் பேணுவதற்கும் செலவாகின்றது. ஆகவே, கழிவு முற்றும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அதனைச் செலுத்துபவன் தான் வரி செலுத்துவதாக நினைப்பதில்லை. செல்வம் தேடுவதாகவே நினைக்கின்றான்.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். சூதாடுபவன் தோற்பதைக் காட்டிலும், அவன் வெல்வதையே அவர் முதலில் எச்சரிக்கின்றார். அவ்வெற்றியை அவர் தூண்டிலிலே கோத்த இரும்பை இரையென்று விழுங்கும் மீனுக்கு ஒப்பிடுகின்றார். வாவியிலே தூண்டில் இடும் எங்கள் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்திலே ஆண்டுதோறும் பாண்டவர் வனவாசம் நிகழ்வதையும் தீமிதிப்பு நிகழ்வதையும் காண்போர், அவ்வனவாசத்துக்குக் காரணம் எது என்பதையும் அறிவர். தருமர் தம் எதிரியாகிய சகுனியைக் கண்முன்னே கண்டார். கூட்டுப் பந்தயத்திலோ எதிரி முகமற்ற கூட்டத்துள் மறைந்திருக்கின்றான். கழிவோ ஆட்டத்துக்கு முன்னரே எடுபட்டுவிடுகின்றது.

பள்ளிக்கூடத்து வரவு இடாப்பை நாள்தோறும் காணும் எம்போன்றோர்க்கு ஓர் உண்மை தெரியும். ஒரு வீட்டின் வருவாயில் நூற்றுக்கு 20 குறைந்தால், அக்குறை அவ்வீட்டுத் தந்தையின் தேநீரிலே முதலில் தென்படுவதில்லை. பிள்ளையின் கொப்பியிலும் காற்சப்பாத்திலுமே முதலில் தென்படுகின்றது. அறுவடை முடிந்து கைநிறையப் பணம் வரும் நாட்களிலும், கடல் வளம் சுரக்கும் நாட்களிலும் இந்த எண்ணம் நம் நெஞ்சில் நிற்றல் வேண்டும். நூற்றுவீதக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வட்டிக் கணக்கோடு இந்தக் கழிவுக் கணக்கையும் ஒருமுறை கரும்பலகையிலே செய்து காட்டுவார்களாயின், அது வாழ்க்கைக்கு உதவும் கல்வியாகும்.

குதிரையின் ஓட்டத்தைக் கண்டு மகிழ்வதில் எவ்வகைக் குற்றமும் இல்லை. பணம் வைக்க எண்ணுவோர் மட்டும், வைக்குமுன் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் குவியலிலிருந்து முதலில் எவ்வளவு கழிக்கப்படுகின்றது? மிகுதியைப் பங்கிட என்னோடு போட்டியிடுவோர் யார். அவர்களிலும் பார்க்க எனக்கு என்ன தெரியும்? நான் வைக்கும் இப்பணம் என்னுடையது மட்டுந்தானா, அன்றி என் வீட்டாருக்கும் உரியதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை காண்பவர், பந்தயச் சாளரத்தை அடையுமுன்னரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.